கண்ணைத் திறந்தபடி ஒரு ஜெபம்

பிரசங்கம் பண்ணக் கற்றுத்தருவார் என்று எண்ணித்தான் போனேன். பெரிய ஐயா முதல் வேலையாக என் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். "போயி கைப்பிடி அரிசி வாங்கிட்டு வாரும் தம்பி" என்றார்.

1990களின் தொடக்கம் அது. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிப்பை முடித்து, டீக்கனாக அபிஷேகம் பெற்று, சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சேகரத்துக்கு வந்திருந்தேன். அந்தப் பகுதியெல்லாம் அன்றைக்குத் தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலம். 2003இல்தான் தூத்துக்குடி - நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தது. டீக்கன் என்றால் பாதி ஐயர். திருவிருந்தில் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நிற்கலாம், நடத்த முடியாது. ஊரில் சேகரகுருவைப் பெரிய ஐயா என்றும் என்னைச் சின்ன ஐயர் என்றும் சொன்னார்கள். அந்தச் 'சின்ன' எனக்கு அப்போது கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியாக ஒரு டின்னில் போட்டுவைப்பார்கள். மாதக் கடைசியில் சபையிலிருந்து ஆள் போய் வாங்கிவருவது வழக்கம். அது உபதேசியார் பார்க்கிற வேலை. பட்டம் வாங்கியவனை ஏன் அனுப்புகிறார் என்று எண்ணிக்கொண்டேதான் தெருத்தெருவாகப் போனேன். திரும்பி வந்ததும் ஐயா பையைச் சுளகில் கவிழ்க்கச் சொன்னார். விரலால் அரிசியை மெல்ல ஒதுக்கிப் பார்த்தார். பொன்னி இருந்தது, இட்லி அரிசி இருந்தது, குருணை இருந்தது, மஞ்சள் பாரித்த ரேஷன் அரிசி நிறையவே இருந்தது. "போன மாசத்துக்கு ரேஷன் அரிசி கூடியிருக்கே. யாரு யாரு வீட்டுல இதைப் போட்டாவ?" என்று கேட்டார். நான் டின்னைத்தான் பார்த்திருந்தேன், அரிசியைப் பார்க்கவில்லை. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் பையை என்னிடமே கொடுத்தார்.

இரண்டொரு மாதத்தில் பழகிவிட்டது. பொன்னி போட்ட வீட்டில் ரேஷன் அரிசி விழுந்தால் பம்பாயிலிருந்து பணம் வரவில்லை என்று பொருள். ஒரு வீட்டில் டின் வழக்கத்தைவிட நிறைந்திருந்தால், மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், உலை பெரிதாகியிருக்கிறது. அடுத்த வாரம் ஐயா அந்த வீடுகளுக்குத்தான் போவார். போய் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அன்றாட வாழ்க்கையில் கடவுளைக் காண்பது பற்றிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தராமல் இல்லை. பரட்டை என்று எல்லாரும் பிரியமாக அழைத்த தியோபிலஸ் அப்பாவு அங்கே பேராசிரியர். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறையே எழுதியவர். ஒரே உலையில் பொங்கிச் சாதி பார்க்காமல் சேர்ந்து உண்பதைத் தம் இறையியலுக்கே அடிப்படையாக வைத்தவர். சகோதரர் லாரன்ஸைப் பற்றியும் படித்தோம். பிரான்சில் படைவீரராக இருந்து காயம்பட்டு, 1640 வாக்கில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். அங்கே சமையல் கட்டிலும், பிற்பாடு செருப்புத் தைக்கும் இடத்திலும் வேலைபார்த்தபடியே கடவுளோடு பேசப் பழகினார். 1691இல் அவர் இறந்த பிறகு வேறொருவர் தொகுத்த சிறு நூல்தான் இன்றைக்கும் உலகெங்கும் விற்கிறது. அதை நான் பரவசத்தோடு ஐயாவிடம் சொன்னபோது முழுக்கக் கேட்டார். "நல்ல மனுசன்தான். ஆனா அவருக்குச் சாப்பாடு மடத்துல. பிள்ளைக்கு பீஸ் கட்டணும்னு இல்ல, பொம்பளப் பிள்ளைக்கு நகை சேக்கணும்னு இல்ல. அந்தக் கவலையோட பாத்திரம் கழுவுதவ நம்ம சபையில எத்தன பேரு இருக்கா, போயிப் பாரும்" என்றார்.

அப்படித்தான் வீடு சந்திப்பு தொடங்கியது. எங்கள் தொழிலில் பாதி இதுதான். அதற்கு ஒரு பாடப்புத்தகமும் கிடையாது. ஐயர் வருகிறார் என்றதும் முன்வாசலில் நாற்காலி போட்டுத் துண்டால் துடைப்பார்கள். ஐயா நாற்காலியைத் தாண்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். தொழுவத்திலோ, நெல் அவிக்கிற அடுப்புப் பக்கமோ, ஓலை முடைகிற இடத்திலோ நின்று பேச்சுக் கொடுப்பார். "நாற்காலியில உக்காந்தா நீரு விருந்தாளி. அவிய வேலைய விட்டுட்டு முன்னாடி வந்து கையக் கட்டிட்டு நிப்பாவ. நமக்குத் தெரிய வேண்டியது பின்னாலல்லா கெடக்கு" என்பது அவர் கணக்கு. எத்தனையாவது வீடானாலும் கொடுக்கிற கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட வேண்டும். வயிறு சரியில்லை என்று சொல்வது ஐயருக்கு ஆகாத பேச்சு.

ஜெபத்தில்தான் கண்டிப்பு அதிகம். 'சகல ஆசீர்வாதங்களாலும் இந்த வீட்டை நிரப்பும்' என்ற மாதிரி ஜெபங்கள் அவருக்குப் பிடிக்காது. எல்லா வீட்டுக்கும் பொருந்துவது எந்த வீட்டுக்கும் பொருந்தாது என்பார். அந்த வீட்டில் நம் காதில் விழுந்த பொருள்களின் பெயர்களே ஜெபத்தில் வரவேண்டும். வெள்ளாட்டுக்குக் கழிச்சல், கிணற்றில் உப்பேறியது, விடுதியில் படிக்கிற பையன், காது கேட்காத மாமியார். அதற்கும் ஒரு வரம்பு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் நிற்கும்போது கடனைப் பெயர் சொல்லி ஜெபித்துவிடக் கூடாது. ஆண்டவருக்குக் கேட்க வேண்டியதும் தெருவுக்குக் கேட்கக் கூடாததும் ஒரே வாயிலிருந்துதானே வருகிறது.

பங்குனி, சித்திரையில் வீடுகளில் ஆள் இருக்காது. பாதிச் சனம் விடிலியில் கிடக்கும். பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த தாழ்ந்த கொட்டகைதான் விடிலி. இறக்கிய பதனீரை அங்கேதான் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். ஐயா என்னை அங்கே கூட்டிப்போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்ததும் புகை கண்ணைக் கரித்தது. உடைமுள்ளும் காய்ந்த பனை மட்டையும் அடுப்பில் எரிந்தன. பெரிய தாச்சியில் பதனீர் கொதித்துப் பொங்கிவரும்போது அந்த அம்மா நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் தூவினார். பொங்கினது அப்படியே அடங்கிற்று. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, பிறகு கறுத்துக் குழம்பாகித் திரண்டு வந்தது. துடுப்பை நிறுத்தாமல் கிண்டிக்கொண்டே ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருளவில்லை. இன்னும் கொஞ்சம் கிண்டினார். வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது அவர் மகள்.

ஐயா அடுப்புக்கு இந்தப் பக்கம் பனங்கட்டையில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு பெரிதாக இல்லை. புகையில் யார் பேசுவது? கிளம்பும்போது, "ஜெபம் பண்ணிட்டுப் போங்க ஐயா" என்றார் அந்த அம்மா, துடுப்பை விடாமலே. நான் பழக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பினேன். ஐயா கண்ணைத் திறந்தபடி, தாச்சியைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார். நாலைந்து வாக்கியம் இருக்கும். இந்த அடுப்பு, இந்தக் கை, மேலே மரத்தில் நிற்கிற அவள் புருசனுடைய கால், இந்த வருசத்து விலை. ஆமென். அந்த அம்மாவும் கண்ணை மூடவில்லை. ஆமென் சொன்ன கையோடு துளியை மறுபடி தண்ணீரில் விட்டார், இந்தமுறை உருண்டது. தாச்சியை இறக்க மகளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "பதம் தப்பிச்சுன்னா ஒரு நாளு உழைப்பு போச்சு. கண்ண மூடச் சொல்லுதது யாரு?" என்றார்.

மார்த்தாள், மரியாள் கதையை அவர் பிரசங்கித்த விதம் எனக்கு அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. லூக்கா 10ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற மார்த்தாளைக் கண்டிக்காத பிரசங்கியார் குறைவு. பெண்கள் கூட்டத்தில் அதைச் சொல்லும்போது, கேட்கிறவர்களின் முகம் சற்றே தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐயா யோவான் 11ஆம் அதிகாரத்துக்குப் போவார். சகோதரன் லாசரு செத்து அடக்கமான பிறகு, வழியிலேயே இயேசுவை எதிர்கொண்டு, நீர்தான் மேசியா என்று வாய்திறந்து அறிக்கை செய்தவள் அதே மார்த்தாள். மற்ற சுவிசேஷங்களில் பேதுருவுக்குரிய அந்த அறிக்கையை யோவான் இவள் வாயில் வைத்திருக்கிறார். அடுப்படியில் நின்றவளுக்கு இது எங்கிருந்து தெரிந்தது என்று ஐயா கேட்பார். பதில் சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.

அந்தப் பனங்காட்டில் வயதான பனையேறி ஒருவர் இருந்தார். பருவத்தில் நாளொன்றுக்கு 30, 40 மரம். காலையும் ஏற வேண்டும், மாலையும் ஏற வேண்டும். பிடி தவறினால் ஒன்று சாவு, இல்லை முதுகெலும்பு. நட்சத்திரம் மறையுமுன் நாங்கள் போனோம். அருவாப்பெட்டி இடுப்பில் தொங்க, காலில் தளைநாரை மாட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்தார். ஏறுமுன் உள்ளங்கையை மரத்தில் வைத்து, "ஏறுதேன் ஆண்டவரே" என்றார். கலயத்தோடு இறங்கி மண்ணில் கால் வைத்ததும், "எறங்கிட்டேன்." அவ்வளவுதான். அடுத்த மரம். மறுபடியும் ஏறுதேன், மறுபடியும் எறங்கிட்டேன்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒன்று கிடைத்தால் எந்த இளம் பிரசங்கியார் விடுவான்? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னுரை, நடுவுரை, முடிவுரை எல்லாம் அந்த இரண்டு சொல்லில் தயாராக இருந்தது. அவரிடம் இதைப் பற்றிக் கேட்கவும் நினைத்தேன். ஐயா என் கையைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

சில வருசம் கழித்து, மழைக்காலத்தில், அந்தப் பெரியவர் கட்டிலில்தான் இறந்தார். அடக்க ஆராதனையில் ஐயா அந்தச் சொற்களைச் சொல்வார் என்று நான் நிச்சயமாக எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வரும்போது ஏன் என்று கேட்டேன். "அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள பேச்சு. நாம ஒட்டுக்கேட்டதுதான" என்றார்.

இதை இங்கே எழுதுமுன் அந்தப் பெரியவரின் மகனைப் போய்ப் பார்த்தேன். "அப்பா அப்பிடிச் சொல்லுவாவளா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எழுதுங்க ஐயா" என்றார்.

ஐயாவிடம் நான் கற்ற தொழிலின் நடுமுடிச்சு இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தைக் காண்பது என்று இப்போது நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். பெரும்பாலும் அது மற்றவர்களின் வாழ்க்கையிலிருந்து உதாரணம் பிடுங்குகிற வேலையாக முடிகிறது. பூ விற்கிற அம்மா, ரிக்‌ஷாக்காரர், ஆஸ்பத்திரி ஆயா என்று பிரசங்கத்துக்கு வசதியாக ஆள்கள் வந்து, ஒரு நீதி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டில் மறுநாள் என்ன ஆயிற்று என்று பிரசங்கியாருக்குத் தெரியாது. ஐயாவின் சட்டம் சுருக்கமானது: வீட்டில் கேட்டது பீடத்தில் ஏறக்கூடாது. சொந்தப் பிள்ளைகள் கதை கூடாது. யாருடைய நோயும் கூடாது, குணமானாலும் கூடாது.

இதற்கு அவர் காட்டுகிற சாட்சி மிஷனெரி கால்டுவெல். இடையன்குடி எங்களுக்குத் தூரமில்லை. 1841இல் அங்கே வந்தவர், அரை நூற்றாண்டு இந்தச் சனத்தோடு இருந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொண்டுவந்தார். பல்லாண்டு உழைத்து எழுப்பிய திரித்துவ ஆலயம் 1880இல் பிரதிஷ்டையானது. அவரை அடக்கம்பண்ணியிருப்பதும் அங்கேதான். ஆனால் தொடக்க காலத்தில், 1849இல், பனையேறும் சமூகத்தாரைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பனையேற்றத்தைக் கூர்ந்து பார்த்துத்தான் எழுதினார். அதே கையோடு அந்த மனிதர்களை மட்டமாகவும் எழுதிவைத்தார். பின்னாளில் அந்தச் சமூகத்தார் கொதித்தெழுந்து எதிர்த்தார்கள். "கட்டுன கோயில் நிக்கி, இல்லேங்கல. எழுதினதையும் நம்ம ஆளுக மறக்கலைல்லா" என்பார் ஐயா. கால்டுவெல் மேல் அவருக்கு மரியாதை குறைவில்லை. அதனாலேயே அந்த எச்சரிக்கை எனக்கு உறைத்தது.

அன்றாட வாழ்க்கையைப் பீடத்தில் ஏற்றுவதற்குச் சபையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு ஞாயிறு நான் பனையையும் பதனீரையும் வைத்து விரிவாகப் பிரசங்கித்தேன். நன்றாகவே வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாசலில் கைகொடுத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பாட்டி சொன்னார்: "வாரம் பூராவும் பனையத்தான் பாக்கோம். ஞாயித்துக்கெழமையும் பனையா ஐயா? மோட்சத்தப் பத்திச் சொல்லுங்க." வெளுத்த சேலை, மடித்த கைக்குட்டைக்குள் காணிக்கை, நேராக வகிடெடுத்த தலை. ஆறு நாள் புகையிலிருந்து அவர் இவ்வளவு சுத்தமாக எழுந்து வந்திருந்தார். கோபுரமும் அங்கியும் பாமாலையும் ஆர்மோனியமும் அவருக்கு வேண்டும். நாட்டுப்புற மெட்டும் உழைக்கும் மக்களின் வழிபாடும் கல்லூரியில் எங்களுக்குப் பெரிய விடுதலையாகத் தெரிந்தன. இந்தப் பாட்டிக்கு விடுதலை என்பது வேலை இல்லாத ஒரு மணி நேரம். இரண்டும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படி இரண்டும் சரி என்று விளக்க இன்னும் தெரியவில்லை.

அப்படியானால் வாரமெல்லாம் பார்த்தது எங்கே போகும்? ஐயாவின் பிரசங்கங்களைக் கேட்டுக்கேட்டுத்தான் இதற்கு விடை கண்டேன். ஞாயிறு தலைப்பும் வேதபகுதிகளும் திருச்சபை அல்மனாக்கில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். திங்கட்கிழமை அந்தப் பகுதியைச் சத்தமாக வாசிப்பார். விளக்கவுரைப் புத்தகத்தை வியாழன்வரை தொடமாட்டார். இடையில் எல்லாம் வீடு சந்திப்பு, விடிலி, ஆஸ்பத்திரி, சண்டை தீர்ப்பது. சனி இரவு ஒரே ஒரு தாள். அதில் எங்கள் ஊரின் பெயரோ ஆளோ இருக்காது. ஆனால் ரூத்தின் கதையைச் சொல்லும்போது, பெத்லகேமில் வாற்கோதுமை வயலில் கதிர் பொறுக்கப் போன அந்த மோவாபியப் பெண்ணின் முதுகுவலி அவர் பேச்சில் இருக்கும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்பதும், முன்னால் போகிற அறுப்புக்காரர்கள் எவ்வளவு தள்ளிப் போனால் தைரியமாகக் குனியலாம் என்பதும், வயல்காரன் கண்ணில் படும்போது மடியை எப்படிப் பிடிப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். கடலை பிடுங்கிய காட்டில் தப்புக்கடலை பொறுக்குகிறவர்களோடு அவர் நின்றிருக்கிறார். அறுப்பில் சிந்தியதை ஏழைக்கும் விதவைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தை அவர் வாசித்தபோது, காட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அசைவு தெரிந்தது. யாரையும் சுட்டவில்லை. தப்புக்கடலை பொறுக்கிய பெண்கள் மறுபக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது நான் தூத்துக்குடியில் ஒரு பட்டணத்துச் சேகரத்தில் இருக்கிறேன். பணிநிறைவுக்கு அதிக காலமில்லை. ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. பீடத்திலிருந்து ஒரு நோயைச் சொன்னால், துபாயில் இருக்கிற மகன் அம்மாவின் நோயை அதில்தான் முதலில் கேள்விப்படுவான். ஐயாவின் சட்டம் அவர் காலத்தைவிட இப்போதுதான் அவசரமாகத் தேவைப்படுகிறது. சாட்சி சொல்லுங்கள், உண்மைக் கதை சொல்லுங்கள் என்று சபையாரே கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

என்னிடமும் ஓர் இளம் டீக்கன் தொழில் பழக வந்திருக்கிறார். கெட்டிக்காரர். பிரசங்கத்துக்குப் படங்களெல்லாம் தயார்பண்ணித் திரையில் போடுவார். சபையார் ஒருவர் நடத்துகிற ஜெராக்ஸ் கடைக்கு அவரைச் சந்திப்புக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, "ஜெபம் பண்ணவே முடியல ஐயா. ஆதார் காப்பி, பான் காப்பின்னு ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று குறைப்பட்டார். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஜெபியுங்கள், கண்ணை மூடாதீர்கள், இல்லாவிட்டால் அவர் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிடுவார் என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்து உப்பளத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். வெயிலுக்குப் பயந்து அங்கே விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்துக்குத் தம்பி எழுந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.